கணிப்பொறிக்கு வியர்க்குமா?

சித்திரை முழுநிலவை ஒட்டி அழகர்கோவிலிலிருந்து புறப்படும் அழகர், ஏறத்தாழ 21 கிலோமீட்டர் கடந்து மதுரைக்கு வந்து வைகையில் இறங்குகிறார். அவரைக் குளிர்விக்க அடியவர்கள் தோப்பறை எனப்படும் ஆட்டுத்தோல் பையில் நீரை நிரப்பிப் பீய்ச்சுவார்கள். பக்கத்தில் நிற்பவர்களும் நனைந்துபோவார்கள். நனைந்தவர் மேல் காற்றுப் பட்டால் உடம்பு சில்லென்று ஆகிவிடும். அந்தப் பருவத்தில் மதுரைக் காற்றின் வெப்பநிலை நண்பகலில் 38, 39 டிகிரி செல்சியஸ். நம் உடம்பின் வெப்பநிலையோ 37 டிகிரி. தன்னைவிடச் சூடான காற்று பட்டு ஒரு பொருள் குளிர்வது எப்படி?

விடை உங்களுக்குத் தெரிந்ததுதான். நீர் ஆவியாவதற்கு வெப்பம் வேண்டும். உடம்பின் சூட்டில் ஒரு கிராம் நீர் ஆவியாகச் சுமார் 2400 ஜூல் தேவை. அந்த வெப்பத்தை நீர் நம் தோலிலிருந்து எடுத்துக்கொள்கிறது. மானாமதுரை மண்பானையில் தண்ணீர் குளிர்வதும், மின்விசிறியின் கீழ் வியர்வை ஆறுவதும் இதே கதைதான். மின்விசிறி அறையின் காற்றைக் குளிர்விப்பதில்லை. ஐயமிருந்தால் ஓடும் விசிறியின் கீழ் உலர்ந்த வெப்பமானி ஒன்றைத் தொங்கவிட்டுப் பாருங்கள். பாதரசம் இறங்காது.

இதை நினைவில் வைத்துக்கொண்டு, இனி கணிப்பொறிக்கு வருவோம்.

அழகர்கோவில் சாலையிலுள்ள கிராமம் ஒன்றிலிருந்து பள்ளி மாணவர் இருவர் ஒரு கோடை விடுமுறையில் என்னிடம் வந்தார்கள். உறுப்புகளைத் தனித்தனியே வாங்கித் தாங்களே ஒரு கணிப்பொறியைப் பூட்டியிருந்தார்கள். காலையில் நன்றாக ஓடுகிறது. பிற்பகல் மூன்று மணிக்கு ஆமையாகிவிடுகிறது. சில நாள் தானாகவே நின்றும்விடுகிறது. ஏழாயிரம் ரூபாய்க்குத் தண்ணீர்க் குளிர்விப்பான் ஒன்று கடையில் இருக்கிறது, கையில் இரண்டாயிரம் இருக்கிறது, மீதி ஐயாயிரத்தை வீட்டில் கேட்டு வாங்கலாமா என்பது அவர்கள் கேள்வி. ஐயாயிரம் ரூபாய் சிறிய தொகை அல்ல. ஆகவே கடைக்காரர் சொல்வதையும் விளம்பரம் சொல்வதையும் ஒதுக்கிவைத்துவிட்டு, பத்தாம் வகுப்பு இயற்பியலைக் கொண்டே இந்தக் கேள்விக்கு விடை காண முயல்வோம்.

சில்லும் இஸ்திரிப் பெட்டியும்

கணிப்பொறியின் மூளை எனப்படும் செயலி ஒரு சிலிக்கன் சில்லு. அதற்குள் பல நூறு கோடி டிரான்சிஸ்டர்கள் நொடிக்குப் பல நூறு கோடி முறை மின்னோட்டத்தை விடுவதும் நிறுத்துவதுமாக இருக்கின்றன. இதற்காகச் செலவாகும் மின்னாற்றல் கடைசியில் முழுவதும் வெப்பமாகவே வெளிவருகிறது. கணக்குப் போட்டதற்காக ஒரு ஜூல்கூடக் கழிவு கிடையாது! 80 வாட் மின்திறன் உள்ளே போனால் 80 வாட் வெப்பம் வெளியே வந்தாக வேண்டும்.

எண்பது வாட் பெரிதா? பழைய குண்டு பல்பு ஒன்று 60 அல்லது 100 வாட். அதனால் இது பெரிய வெப்பமாகத் தோன்றாது. ஆனால் அது வெளிவரும் இடத்தின் பரப்பைப் பாருங்கள். நடுத்தரச் செயலி ஒன்றில் சிலிக்கனின் பரப்பு சுமார் 2 சதுர சென்டிமீட்டர். கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றுப் பெரிது. ஆகவே ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 40 வாட். வீட்டிலுள்ள இஸ்திரிப் பெட்டி 750 வாட் என்றும் அதன் அடித்தகடு ஏறத்தாழ 150 சதுர சென்டிமீட்டர் என்றும் கொண்டால், அங்கே சதுர சென்டிமீட்டருக்கு 5 வாட்தான். சட்டையைத் தேய்க்கும் தகட்டைப் போல எட்டு மடங்கு நெருக்கமாகச் சில்லில் வெப்பம் பிறக்கிறது. அதை அப்புறப்படுத்தாவிட்டால் சில நொடிகளில் சில்லு கெட்டுவிடும். அப்படி நேராமலிருக்க, 90 முதல் 100 டிகிரிக்குள் ஒரு வரம்பை எட்டியதும் இன்றைய செயலி தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்கிறது. அதற்கும் அடங்காவிட்டால் நின்றுவிடுகிறது. மாணவர்களின் பொறி மூன்று மணிக்கு ஆமையானது பழுதினால் அல்ல, இந்தத் தற்காப்பினால்தான்.

இந்தத் தொல்லை கணிப்பொறியுடன் பிறந்தது. 1946இல் அமெரிக்காவில் இயங்கத் தொடங்கிய எனியாக் கணிப்பொறியில் சுமார் 18,000 வெற்றிடக் குழல்கள் இருந்தன. அது 150 கிலோவாட் மின்திறனை விழுங்கியது. நம் நாட்டில் பம்பாயிலுள்ள டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் 1960இல் இயக்கிய டிஃப்ராக் கணிப்பொறியிலும் வெற்றிடக் குழல்கள் சுமார் 2,700. டிரான்சிஸ்டரும் சில்லும் வந்தபின் வெப்பம் குறைந்தது. 1978இல் வந்த 8086 சில்லு 2 வாட்டுக்கும் குறைவாகவே எடுத்துக்கொண்டது. அதற்கு விசிறி தேவைப்படவில்லை. 1993இல் வந்த பென்டியம் சுமார் 15 வாட்டை எட்டியபோது தலைமேல் விசிறி ஏறியது. அதன்பின் அது இறங்கவேயில்லை.

ஓமின் விதி இங்கும் செல்லும்

மின்சுற்றில் மின்னழுத்த வேறுபாடு = மின்னோட்டம் × மின்தடை என்று படித்திருக்கிறீர்கள். வெப்பத்துக்கும் அப்படியே எழுதலாம்.

வெப்பநிலை வேறுபாடு = வெப்பத் திறன் × வெப்பத் தடை

மின்னழுத்தத்துக்குப் பதில் வெப்பநிலை; மின்னோட்டத்துக்குப் பதில் ஒரு நொடியில் ஓடும் வெப்பம், அதாவது வாட். வெப்பத் தடையின் அலகு, வாட்டுக்கு இத்தனை டிகிரி. வெப்பம் சில்லிலிருந்து உலோக மூடிக்கும், மூடியிலிருந்து குளிர்விப்பானுக்கும், அங்கிருந்து காற்றுக்கும் போகிறது. இவை தொடரிணைப்பில் உள்ள தடைகள், ஆகவே கூட்டிக்கொள்ளலாம். கணிப்பொறிப் பெட்டிக்குள் இருக்கும் காற்று அறைக் காற்றைவிடச் சற்றுச் சூடாக இருக்கும். அதையும் சேர்த்தால் நமக்கு வேண்டிய சமன்பாடு இது:

சில்லின் வெப்பநிலை = அறையின் வெப்பநிலை + பெட்டிக்குள் காற்று பெற்ற ஏற்றம் + (வாட் × வெப்பத் தடை)

இந்தச் சமன்பாட்டின் வலப்பக்கத்தில் மூன்று உறுப்புகள் உள்ளன. கடையில் விற்கும் குளிர்விப்பான், அது ஐந்நூறு ரூபாயானாலும் பத்தாயிரம் ரூபாயானாலும், மூன்றாவது உறுப்பை மட்டுமே குறைக்கும். அதைச் சுழியாகவே ஆக்கிவிட்டாலும் சில்லின் வெப்பநிலை பெட்டிக்குள் உள்ள காற்றின் வெப்பநிலைக்குக் கீழே போகாது. ஏனெனில் சில்லுக்கு வியர்ப்பதில்லை. காற்றைவிடக் குளிர்ச்சியாக இருக்கும் வித்தை நனைந்த உடம்புக்கும் கசியும் பானைக்கும் மட்டுமே கைவந்தது. உலர்ந்த உலோகத்துக்கு அது கிடையாது.

குளிர்நாடுகளில் எழுதப்படும் ஆலோசனைகளை அப்படியே மதுரைக்குக் கொண்டுவரக் கூடாது என்று நான் சொல்வது இதனால்தான். அங்கே அறையின் வெப்பநிலை 20 அல்லது 22 டிகிரி. இங்கே மொட்டைமாடிக்கு நேர் கீழே உள்ள அறையில் சித்திரை வைகாசிப் பிற்பகலில் 40. தொடங்கும்போதே 18 டிகிரி பின்தங்கிவிட்டோம்!

முதலில் இனாமாகக் கிடைப்பவை

ஆகவே முதல் உறுப்பிலிருந்து தொடங்குவோம். காங்கிரீட் கூரை பகல் முழுதும் வெயிலைக் குடித்து, மாலையிலும் இரவிலும் அதை அறைக்குள் உமிழ்கிறது. அதனால்தான் வெளியே காற்று ஆறிய பிறகும் மாடியறை புழுங்குகிறது. அதே வீட்டின் கீழ்த்தளத்தில், வெயில் படாத வடக்குச் சுவரோரம், ஐந்தாறு டிகிரி குறைவாக இருப்பது சாதாரணம். வெப்பமானியுடன் வீட்டைச் சுற்றி வந்து நீங்களே அளந்துகொள்ளுங்கள். கணிப்பொறியைக் கீழே இறக்கிவைக்கச் செலவு ஒன்றுமில்லை. கூரைக்கு வெள்ளைச் சுண்ணாம்பு அடித்தால் அறையில் சில டிகிரி குறையும். கணிப்பொறிக்கு மட்டுமல்ல, அதன் முன் உட்கார்ந்திருப்பவருக்கும் நல்லது.

அடுத்தது பெட்டிக்குள் காற்றின் ஏற்றம். இதற்கு ஓர் எளிய கணக்கு உண்டு. ஒரு லிட்டர் காற்றை ஒரு டிகிரி சூடாக்க ஏறத்தாழ 1.2 ஜூல் போதும். (நீருக்கு 4200 ஜூல் வேண்டும்; காற்று எவ்வளவு மோசமான வெப்பச் சுமையாளி என்று பாருங்கள்.) 12 சென்டிமீட்டர் அகலமுள்ள சாதாரண விசிறி ஒன்று, பெட்டியின் வலைகளும் கம்பிகளும் தடுத்தது போக, நொடிக்குச் சுமார் 12 லிட்டர் காற்றைத் தள்ளும் என்று கொள்வோம். அது ஒவ்வொரு டிகிரிக்கும் 14 வாட் வெப்பத்தைச் சுமக்கும். செயலி, தாய்ப்பலகை, மின்வழங்கி எல்லாம் சேர்ந்து பெட்டிக்குள் 140 வாட் வெளிவருகிறது என்றால், உள்ளே காற்று 140 ÷ 14 = 10 டிகிரி ஏறும். காற்றோட்டத்தை இரு மடங்காக்கினால் 5 டிகிரிதான். முன்புறம் உள்ளே இழுக்கும் விசிறி, பின்புறம் வெளியே தள்ளும் விசிறி, நடுவில் வழி மறிக்காதபடி ஒதுக்கிக் கட்டப்பட்ட கம்பிகள், பின்புறம் சுவருக்கும் பெட்டிக்கும் இடையே ஒரு சாண் இடைவெளி: இவ்வளவும் இருந்தால் ஏறத்தாழ இந்த அளவுக்கு வந்துவிடலாம். கூடுதல் விசிறி ஒன்று சில நூறு ரூபாய்.

இங்கே ஒரு தவறான எண்ணத்தைத் திருத்திவிட வேண்டும். சூடான காற்று மேலே எழும்பும், ஆகவே பெட்டியின் தலையில் துளையிட்டால் போதும் என்று சிலர் நினைக்கிறார்கள். சூடான காற்று எழும்புவது உண்மை. ஆனால் எவ்வளவு விசையுடன்? 45 சென்டிமீட்டர் உயரப் பெட்டியில் 10 டிகிரி வேறுபாடு இருந்தால் அதனால் உண்டாகும் அழுத்த வேறுபாடு சுமார் 0.16 பாஸ்கல். ஒரு சிறு விசிறி தரக்கூடிய அழுத்தமோ 10 பாஸ்கலுக்கும் மேல். விசிறி ஓடும் பெட்டியில் இயற்கைச் சலனம் யானைப் பக்கத்தில் எறும்பு. விசிறிகள் ஒன்றுக்கொன்று எதிராக ஊதாமல் ஒரே திசையில் காற்றைக் கடத்துகின்றனவா என்பதே முக்கியம்.

அவசரத்துக்குப் பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றிவிட்டு மேசை விசிறியைத் திருப்பிவைக்கலாமா? வைக்கலாம், வேலை செய்யும். இரண்டாவது உறுப்பு ஏறக்குறைய மறைந்துவிடும். ஆனால் நம் ஊர்த் தூசி விலை கேட்கும். ஆடிக்காற்றில் பறக்கும் செம்மண் தூசி குளிர்விப்பானின் தகடுகளுக்கிடையில் ஒரு கம்பளிபோலப் படியும். கம்பளியின் வேலை என்ன என்று உங்களுக்குத் தெரியும்: காற்றைச் சிறைப்பிடித்து வெப்பத்தைத் தடுப்பது. தகட்டைக் கழற்றினாலும் கழற்றாவிட்டாலும் ஒன்றிரண்டு மாதத்துக்கு ஒருமுறை மின்சாரத்தை நிறுத்தி, மென்மையான தூரிகையால் தூசி தட்டுங்கள். காற்றுப் பீய்ச்சியால் ஊதுவதானால் விசிறி இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். அளவுமீறிச் சுழன்றால் அதன் அச்சுத்தாங்கி கெடும்; மின்னாக்கிபோலச் செயல்பட்டுத் தாய்ப்பலகைக்குள் மின்சாரத்தையும் அனுப்பும்.

ஒரு மயிரிழை இடைவெளி

மூன்றாவது உறுப்புக்கு வருவோம். செயலியின் மூடி பளபளப்பாக இருக்கிறது. குளிர்விப்பானின் அடியும் அப்படியே. இரண்டையும் அழுத்தி வைத்தால் நன்றாகத்தானே ஒட்டும்? நுண்ணோக்கியில் பார்த்தால் இரண்டும் அழகர்மலையும் யானைமலையும்போல மேடு பள்ளமாக இருக்கும். முகடுகள் சில தொட்டுக்கொள்ளும். மற்ற இடமெல்லாம் காற்று.

வெப்பக் கடத்துதிறனை வாட்/மீட்டர்-கெல்வின் அலகில் எழுதினால் செம்புக்கு 400, அலுமினியத்துக்கு 237, நீருக்கு 0.6, காற்றுக்கு 0.026. 10 சதுர சென்டிமீட்டர் பரப்பில் 0.05 மில்லிமீட்டர் தடிப்பில், அதாவது ஒரு மயிரிழை அளவுக்கு, முழுவதும் காற்று இருந்தால் அதன் வெப்பத் தடை வாட்டுக்கு 1.9 டிகிரி. 80 வாட்டுக்கு 150 டிகிரிக்கு மேல்! உண்மையில் உலோகம் அங்கங்கே தொடுவதால் நிலைமை இவ்வளவு கெடாது. ஆனாலும் காற்று எத்தனை பெரிய பகை என்பது புரிகிறதல்லவா? அதே இடைவெளியைக் கடத்துதிறன் 5 உள்ள வெப்பப் பசையால் நிரப்பினால் ஏற்றம் 0.8 டிகிரிதான். ஒரு பட்டாணி அளவுப் பசை போதும். அதிகம் அப்பினால் படலம் தடித்துப் பலன் குறையும். பழைய பசை உலர்ந்து வெடித்திருந்தால் துடைத்துவிட்டுப் புதிதாக இட வேண்டும். விலையுயர்ந்த பசை, மலிவான நல்ல பசையைவிட ஓரிரு டிகிரிக்கு மேல் மிச்சம் பிடிக்காது. அதில் பணத்தைப் போட நான் சொல்லமாட்டேன்.

புதிய குளிர்விப்பானின் அடியில் கீறல் படாமலிருக்க ஒரு மெல்லிய பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருப்பார்கள். ஆர்வ மிகுதியில் அதை உரிக்காமலே பூட்டிவிடுபவர்கள் ஏராளம். பிளாஸ்டிக்கின் கடத்துதிறன் சுமார் 0.2, அதே 0.05 மில்லிமீட்டர் தடிப்புக்குக் கணக்கிட்டால் 80 வாட்டில் 20 டிகிரி வீண். உரித்தீர்களா என்று இருமுறை பாருங்கள்.

இரண்டு நொடிக்கு ஒரு சொட்டு

சூடான காப்பியை டபராவில் ஊற்றி ஆற்றுவது ஏன்? காற்றுப் படும் பரப்பை அதிகமாக்கத்தான். குளிர்விப்பானின் தகடுகள் செய்வதும் அதுவே. 12 சென்டிமீட்டர் நீளமும் 5 சென்டிமீட்டர் அகலமும் உள்ள 50 தகடுகள் என்றால், இருபுறமும் சேர்த்து 6000 சதுர சென்டிமீட்டர். 2 சதுர சென்டிமீட்டர் சில்லின் வெப்பம் மூவாயிரம் மடங்கு பரப்பில் விரிந்துவிடுகிறது. ஆனால் சில்லிலிருந்து அந்தக் கடைசித் தகடு வரை வெப்பம் போய்ச் சேர வேண்டுமே! செயலியுடன் வரும் சிறிய குளிர்விப்பானில் அது அலுமினியத்தின் வழியே கடந்து போகிறது. தூரம் கூடக்கூடத் தடையும் கூடுகிறது. அதனால் அதை ஓரளவுக்கு மேல் பெரிதாக்கிப் பயனில்லை.

இங்குதான் வெப்பக் குழாய் என்னும் அருமையான கருவி வருகிறது. இதன் அடிப்படைக் கருத்துக்கு ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் காக்லர் 1942இல் காப்புரிமை கோரினார். 1963இல் அமெரிக்காவின் லாஸ் அலமாஸ் ஆய்வகத்தில் ஜார்ஜ் குரோவர் இதைத் தனியே கண்டறிந்து நடைமுறைக்குக் கொண்டுவந்தார். அமைப்பு மிக எளிது. இருபுறமும் மூடிய செம்புக் குழாய். உள்ளே காற்றை நீக்கிவிட்டுச் சிறிதளவு நீர். உட்சுவரில் பஞ்சுபோல நுண்துளைகள் கொண்ட செம்புத்தூள் பூச்சு. காற்றழுத்தம் இல்லாததால் நீர் 40, 50 டிகிரியிலேயே கொதிக்கிறது. சில்லின் பக்கத்து முனையில் ஆவியாகி, தகடுகள் இருக்கும் மறுமுனைக்குப் பாய்ந்து, அங்கே குளிர்ந்து நீராகி, தன் உள்ளுறை வெப்பத்தை விட்டுவிடுகிறது. பிறகு நுண்துளைகள் வழியே, விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோலத் திரும்பி வருகிறது. இட்லிக் கொப்பரையின் மூடியில் ஆவி பட்டு நீர் சொட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். அதே நிகழ்ச்சிதான், ஓயாமல் சுழல்கிறது.

80 வாட்டை எடுத்துச்செல்ல எவ்வளவு நீர் ஆவியாக வேண்டும்? 80 ÷ 2400 = 0.033 கிராம், ஒரு நொடிக்கு. ஒரு சொட்டு நீர் ஏறத்தாழ 0.05 கிராம். இரண்டு நொடிக்கு ஒரு சொட்டுக்குச் சற்று அதிகம்; அவ்வளவுதான்! தோப்பறை நீரும் மண்பானையும் செய்யும் வேலையை இந்தக் குழாயும் செய்கிறது. ஆனால் ஒரு வேறுபாடு: பானையின் ஆவி காற்றில் கலந்து போய்விடுகிறது, ஆகவே பானை காற்றைவிடக் குளிர்கிறது. குழாயின் ஆவி உள்ளேயே மறுபடி நீராவதால், அது வெப்பத்தை இடம் மாற்றுவதோடு சரி.

நான்கு வெப்பக் குழாய்களும் 12 சென்டிமீட்டர் விசிறியும் கொண்ட கோபுர வடிவக் குளிர்விப்பான் இப்போது ஏறத்தாழ ஆயிரத்தைந்நூறு முதல் இரண்டாயிரத்தைந்நூறு ரூபாய்க்குள் கிடைக்கிறது. வாங்குமுன் உங்கள் பெட்டியின் அகலத்தையும் நினைவகப் பலகைகளின் உயரத்தையும் அளந்துகொண்டு போங்கள். 15, 16 சென்டிமீட்டர் உயரம் எல்லாப் பெட்டியிலும் அடங்காது.

தண்ணீர்க் குளிர்விப்பான் என்ன செய்கிறது?

பெருங்கணிப்பொறிகளுக்கு நீர்க் குளிர்விப்பு 1960களிலேயே வந்துவிட்டது. 1985இல் வெளிவந்த கிரே-2 மீக்கணிப்பொறியில் மின்சுற்றுகளையே மின்கடத்தாத் திரவம் ஒன்றில் முழுக வைத்தார்கள். வீட்டுக் கணிப்பொறியில் உள்ளது அவ்வளவு பெரிய ஏற்பாடல்ல. ஒரு சிறு பம்பு திரவத்தைச் சுற்றவிடுகிறது. அது சில்லின் வெப்பத்தை எடுத்துக்கொண்டு, கார் ரேடியேட்டர் போன்ற ஒரு தகட்டடுக்குக்குப் போகிறது. அந்த அடுக்கைக் குளிர்விப்பது யார்? மறுபடியும் அதே அறைக் காற்றும் அதே விசிறியுந்தான். வெப்பக் குழாயில் தானாக நடக்கும் சுழற்சி இங்கே பம்பின் உதவியால் நடக்கிறது. பரப்பு சற்று அதிகம். 200, 250 வாட் செயலிகளுக்கு இது நியாயமான தேவை. 80 வாட்டுக்கு?

எண்களை இட்டுப் பார்ப்போம். மொத்த வெப்பத் தடையை, ஏறத்தாழ, செயலியுடன் வரும் குளிர்விப்பானுக்கு 0.6, கோபுரக் குளிர்விப்பானுக்கு 0.35, தண்ணீர்க் குளிர்விப்பானுக்கு 0.28 என்று கொள்வோம். (சில்லுக்குச் சில்லு இது மாறும், ஒப்பிட்டுப் பார்க்க இது போதும்.) மாணவர்களின் பொறி இருந்த நிலையில் காலையில் அறை 28 டிகிரி, பெட்டி ஏற்றம் 10, 80 × 0.6 = 48; மொத்தம் 86. ஓடுகிறது. பிற்பகலில் அறை 40, மொத்தம் 98. வரம்பு 95 என்றால் தாண்டிவிட்டது. ஆமை!

பெட்டியைக் கீழ்த்தளத்துக்கு இறக்கி அறையை 34 ஆக்கி, ஒரு விசிறியைச் சேர்த்துப் பெட்டி ஏற்றத்தை 5 ஆக்கினால் 34 + 5 + 48 = 87. குளிர்விப்பானைத் தொடவே இல்லை. செலவு சில நூறு ரூபாய். குறைந்தது 11 டிகிரி. மேலும் கோபுரக் குளிர்விப்பானையும் போட்டால் 34 + 5 + 28 = 67. அதற்குப் பதில் ஏழாயிரம் ரூபாய்த் தண்ணீர்க் குளிர்விப்பான் என்றால் 34 + 5 + 22 = 61. கடைசி 6 டிகிரிக்காக ஐயாயிரம் ரூபாய். அதோடு பம்பு என்ற தேயும் உறுப்பு ஒன்றும் கூடவே வருகிறது. பம்பு நின்றால் சுழற்சியும் நின்றுவிடும். கோபுரத்தில் விசிறி நின்றாலும் தகடுகள் ஓரளவு வேலை செய்யும், புதிய விசிறியும் மலிவு. 80 வாட் பொறிக்கு எந்தப் பக்கம் சாய வேண்டும் என்பதில் எனக்கு ஐயமே இல்லை. அந்த மாணவர்களிடமும் இதையே சொன்னேன். ஐயாயிரத்தை வீட்டிலேயே விட்டுவைக்கும்படி.

பெட்டியின் மேல் அச்சிட்டுள்ள வாட் அளவை மட்டும் நம்பவேண்டாம். 65 வாட் என்று குறித்த செயலி உச்ச வேலையின்போது 88 வாட்டோ அதற்கு மேலோ எடுத்துக்கொள்வதுண்டு. நான் 80 என்று வைத்துக்கொண்டது அதனால்தான்.

பெல்டியர் தகடு என்ற ஒன்றைப் பற்றியும் பலர் கேட்கிறார்கள். மின்சாரம் பாய்ந்தால் ஒரு பக்கம் குளிர்ந்து மறுபக்கம் சூடாகும் இந்த விளைவை 1834இல் பிரெஞ்சுக்காரரான பெல்டியர் கண்டறிந்தார். தகடு சில நூறு ரூபாய்தான். ஆனால் 80 வாட் வெப்பத்தை நகர்த்த ஏறத்தாழ அதே அளவு மின்சாரத்தை அதுவும் தின்னும். சூடான பக்கத்தில் 160 வாட்டை வெளியேற்ற இன்னும் பெரிய குளிர்விப்பான் தேவைப்படும். வேலை குறைந்த நேரத்திலோ குளிர்ந்த பக்கம் பனிநிலைக்குக் கீழே போய், ஐஸ் போட்ட டம்ளரைப்போல வெளியே நீர் பூக்கும். அப்போதுதான் கணிப்பொறிக்கு உண்மையிலேயே வியர்க்கும். அந்த வியர்வை தாய்ப்பலகையில் சொட்டினால் கதை முடிந்தது.

செய்து பாருங்கள்

வேண்டியவை: ஒரு கணிப்பொறி (பள்ளியில் உள்ளதானாலும் சரி, ஆசிரியர் அனுமதியுடன்), ஒரு வெப்பமானி, ஒரு தாள். சில்லின் வெப்பநிலையைக் காட்டும் இலவச மென்பொருள்கள் பல உள்ளன.

அதிகாலையில் அறையின் வெப்பநிலையைக் குறியுங்கள். வெப்பமானியைக் கணிப்பொறியின் வெளிவரும் காற்றில் அல்ல, உள்ளே போகும் காற்றில் வைக்க வேண்டும். கணிப்பொறிக்குக் கடினமான ஒரு வேலை கொடுத்து, விசிறியின் வேகத்தை மாறாமல் நிறுத்தி, இருபது நிமிடம் கழித்துச் சில்லின் வெப்பநிலையைக் குறியுங்கள். அதையே பிற்பகல் மூன்று மணிக்கும், இரவு ஒன்பது மணிக்கும் செய்யுங்கள். மூன்று முறையும் இரண்டு வெப்பநிலைகளின் வேறுபாட்டைக் கணக்கிடுங்கள். சில்லின் வெப்பநிலை மாறினாலும் அந்த வேறுபாடு ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கக் காண்பீர்கள். வேறுபாட்டை, மென்பொருள் காட்டும் வாட்டால் வகுத்தால் பெட்டி, பசை, குளிர்விப்பான் எல்லாம் சேர்ந்த மொத்தத் தடை கிடைக்கும்.

பிற்பகலில் மட்டும் வேறுபாடு குறைந்து காணப்பட்டால் வாட் அளவையும் பாருங்கள்; அதுவும் குறைந்திருந்தால் உங்கள் செயலி வரம்பைத் தொட்டு வேகத்தைக் குறைத்துக்கொண்டிருக்கிறது. தூசி தட்டுவதற்கு முன் ஒருமுறை, தட்டிய பின் ஒருமுறை இதே அளவீட்டை எடுத்து, தடை எவ்வளவு இறங்கியது என்று அந்தத் தாளிலேயே எழுதிவையுங்கள்.